மூக்கு வெச்ச காரு

சித்தெ நகந்துக்கங்க தம்பி. போதும், போதும். ஜன்னல நீங்களே வெச்சுக்கங்க. எனக்கு அந்த லேடீஸ் சீட்டு கண்ணுல பட்டாச் செரி. அதோ, மூணாவது வரிசையில பச்சைச் சேலை, மடியில மஞ்சப்பை. அதானுங்க என்ற சம்சாரம், மரகதம். சூலூர் வரைக்கும் போறோம், வீட்டுக்கு.

இந்த வயசுல ஒருத்தன் டவுன் பஸ்ஸுல நசுங்கிட்டு வரானேன்னு பாக்கறீங்களா? சொந்தக் கார் இருக்குதுங்க. நாங்க ஏறுன சுங்கம் ஸ்டாப்புகிட்ட ஒர்க்‌ஷாப்புல நிக்குது. எட்டு மாசத்துல இது மூணாவது தடவை. எதுக்குன்னு கேளுங்க. எஞ்சின் போச்சா, இல்ல. கியர் போச்சா, இல்ல. மூக்கு போச்சாமா. காருக்கு மூக்கு. நான் சொல்லலைங்க, அந்த ஒர்க்‌ஷாப்புல நிரோஷான்னு ஒரு பொம்பள மெக்கானிக்கு இருக்குது, அந்த மகராசி சொன்னது.

ஆக்ஸிஜன் சென்சாருன்னு பேராமா. கட்டைவிரல் தண்டிதான் இருக்கும், பின்னாடி ஒரு ஒயரு. புகை போற குழாய்க்குள்ள தலைய நீட்டிட்டு உக்காந்திருக்கும். எரிஞ்சு வெளிய போற புகையில ஆக்ஸிஜன் எத்தனை மிச்சமிருக்குதுன்னு மோந்து பாத்து, காருக்குள்ள ஒரு கம்ப்யூட்டர் இருக்குதாமா, அதுக்கு ஓயாமச் சொல்லிட்டே இருக்குமாமா. மிச்சமில்லையா, பெட்ரோலு அதிகமாப் போகுது, கொறை. மிச்சம் நெறைய இருக்குதா, பெட்ரோலு பத்தல, கூட்டு. ஒரு செகண்டுக்குள்ள ரெண்டு மூணு தடவை இந்த நாயம் பேசறது நடக்குமாமா. கேக்கறவன் கேணையனா இருந்தா கேப்பையில நெய் வடியுதும்பாங்க.

நான் கேட்டேன். "ஏம்மா, ஆக்ஸிஜன்னா ஆஸ்பத்திரியில வெப்பாங்க. என்ற காருக்கு என்ன, இழுப்பா?" அங்க பெஞ்சுல உக்காந்திருந்த நாலு பேரும் சிரிச்சுப்போட்டாங்க. அந்தப் புள்ள சிரிக்கல. "சார், வெறகடுப்புல காத்துப் பத்தலைன்னா பொகையும்ல, அதைக் கண்ணுல பாத்துத்தானே ஊதறோம். இந்த எஞ்சினுக்குக் கண்ணு இதுதானுங்க சார்"ங்குது. "மொதல்ல மூக்குன்னே, இப்பக் கண்ணுங்கற. நாளைக்கு வந்தா காதும்பியா?"ன்னேன். ஸ்பேனரை எடுத்துட்டு அடுத்த வண்டிக்குப் போயிடுச்சு. நம்மகிட்ட யாரும் பேசி ஜெயிக்க முடியாதுங்க.

நான் யாருன்னு சொல்லலையே. திருமூர்த்தி. பீளமேட்டுல பம்புசெட்டுக் கம்பெனியில முப்பத்தொரு வருசம் அசெம்பிளி போர்மேன். என்ற கையில சேந்த பம்பு ஒரு சொட்டு ஒழுகாது. எப்படின்னா, பேஸ்ட்டு. சிலிக்கான் பேஸ்ட்டுன்னு டியூப்புல வருமுங்க. வாசரை நம்பறவன் மடையன். வாசரு இன்னிக்கு இருக்கும், நாளைக்குச் சுருங்கிப் போகும். நான் வாசரு போட்ட எடத்துலயும் மேல ஒரு பூச்சு பூசுவேன். கீழ ஒரு பூச்சு. கம்பெனியில பின்னாடி என்னைப் 'பூச்சு போர்மேன்'னு கூப்புடுவானுங்க. கூப்புடட்டும், வயித்தெரிச்சல்ல சொல்றது.

ஒரே ஒரு தடவை, ஒரு நாப்பது பம்பு தாராபுரத்துலருந்து திரும்பி வந்துச்சு. தண்ணி போற வழியில பேஸ்ட்டு பிதுங்கி அடைச்சிருக்குதுன்னாங்க. தாராபுரத்துத் தண்ணி அப்படி, உப்புத் தண்ணி. அதைச் சொன்னா எவன் கேக்கறான்? யாரு சேத்துனதுன்னு கேட்டாங்க. அன்னிக்கு ஷிப்டுல ராசுக்குட்டின்னு ஒரு பிட்டர் இருந்தான். அவனை வேலைய விட்டு அனுப்பிப்போட்டாங்க. நான் ஒண்ணும் கைகாட்டலைங்க. கேட்டாங்க, ஷிப்டுல யாரு இருந்ததுன்னு, சொன்னேன். அவ்வளவுதான். அதுக்கு இந்த மரகதம் ஒரு மாசம் எங்கிட்டப் பேசல பாத்துக்கங்க. சோறு போடுவா, தண்ணி வெப்பா, பேச்சில்ல. எனக்கும் நல்ல நிம்மதியாத்தான் இருந்துச்சு.

அது கெடக்குது. காருக்கு வரேன். ரிட்டையர் ஆன கையோட எடுத்த பெட்ரோல் காரு. நான் தெனமும் பானட்டைத் தூக்கிப் பாக்கற ஆளு. ஒரு நாள் பாத்தா, எஞ்சினுக்கு மேல டேப்பட் கவருன்னு ஒரு மூடி இருக்குமுங்க, அதோட ஓரத்துல லேசா எண்ணெய் வேர்த்திருக்குது. ஒர்க்‌ஷாப்புல கேட்டா வாசர் மாத்தோணும், ரெண்டு மணி நேர வேலைங்கறான். எனக்கே வாசரா? வீட்டுக்கு வந்தேன். வீட்டுக்குப் பின்னால பொடக்காலியில கம்பெனி டியூப்பு ஒரு பெட்டியே கெடந்துச்சு. எடுத்துச் சுத்தி ஒரு பூச்சு. அடுத்த ஞாயித்துக்கெழமை பாத்தேன், ஒரு மூலையில சந்தேகமா இருந்துச்சு. வழிச்செடுத்துப்போட்டு மறுபடி ஒரு பூச்சு, இந்தத் தடவை நல்லாத் தாராளமா. அதுலருந்து ஞாயித்துக்கெழமைன்னா எனக்கு அதான் வேலை. ஒரு சொட்டு ஒழுகலைங்க.

மரகதம் சொன்னா, "உங்க கையெல்லாம் புளிச்ச வாசம் அடிக்குது. தட்டத்துல கைய வெக்காதீங்க"ன்னு. அவளுக்கு மூக்கு கொஞ்சம் நீளமுங்க. பக்கத்து வீட்டுல பால் அடிப்புடிச்சா இங்கிருந்து சொல்லுவா. நான் அதுக்கெல்லாம் காது குடுக்கறதில்ல.

ரெண்டு வாரம் போயிருக்கும். ஸ்டீரிங்குக்குப் பின்னாடி மஞ்சளா ஒரு லைட்டு எரியுது. எஞ்சின் படம் போட்டு. வண்டி ஓடுதா, ஓடுது. பிரேக்கு புடிக்குதா, புடிக்குது. அப்பறம் லைட்டுக்கு என்ன கெரகம்? கண்ணைக் குத்தற மாதிரி எரிஞ்சுட்டே இருக்குது. பழனியிலருந்து வந்த சந்தனம் இருந்துச்சு, கொழச்சு அது மேல நல்லா வட்டமா ஒரு பொட்டு வெச்சு, நடுவுல குங்குமத்தையும் வெச்சுட்டேன். சாமிக்குச் சாமியும் ஆச்சு, லைட்டும் தெரியல. வண்டியில ஏறுனவங்க எல்லாம் பக்திமான்னுதான் சொன்னாங்க.

அப்பத்தான் இவ ஆரம்பிச்சா. "ஏனுங்க, பெட்ரோல் வாசம் வருதுங்க." கண்ணாடிய ஏத்துன்னேன். "ஏத்துனாலும் வருதுங்க, தலை வலிக்குது." அப்ப எறக்குன்னேன். ஒணத்தியா, பெரிய விவரம் தெரிஞ்சவளாட்டம், ஒரு நாளு சொல்றா, "முன்ன வாங்கற பெட்ரோலுக்கு ஈரோடு போயிட்டு வருவோம், இப்பத் திரும்பி வரதுக்குப் பத்தலையே, எங்கயோ தப்பு இருக்குதுங்க"ன்னு. காரு ஓட்டத் தெரியாது, சைக்கிளே ஓட்டத் தெரியாது, எனக்கு மைலேஜ் பாடம். ஆனா லிட்டருக்குப் பதினேழு குடுத்த வண்டி பதினொண்ணுக்கு வந்தது நெசந்தானுங்க. பெட்ரோல்ல கலப்படம். நான் நாலு பங்க் மாத்திப் பாத்தேன், நாலு பேருமே களவாணிங்க.

கடைசியில வண்டி இழுக்கல. போயி விட்டேன். அந்த நிரோஷா வந்து மொதல்ல என்ன பண்ணுச்சு தெரியுமுங்களா? நகத்தால என்ற சந்தனப் பொட்டைச் சொரண்டுச்சு. சாமி காரியம்னு கூடப் பாக்கல. சொரண்டிப்போட்டு, ஒரு பொட்டியக் கொண்டாந்து சொருகிப் பாத்துட்டு, மூக்கு செத்துப்போச்சுன்னு சொல்லுது.

"செத்துப்போச்சுன்னா இத்தனை நாளா வண்டி எப்படி ஓடுச்சு?"ன்னு மடக்குனேன். "ஓடுமுங்க சார். மூக்கு சொல்றது நின்னுபோச்சுன்னா கம்ப்யூட்டரு குத்துமதிப்பாப் பெட்ரோல ஊத்தும். வண்டி நிக்காது. ஆனா உள்ளுக்குள்ள கெட்டுட்டே இருக்கும். சைலன்சருக்கு முன்னால பொகைய வடிகட்டறதுக்கு ஒண்ணு இருக்குது, எரியாத பெட்ரோலு போயி அதையும் கருக்கிப்போடும். வீட்டம்மா வாசம் வருதுன்னு சொன்னப்பவே வந்திருக்கோணும்"ங்குது. வீட்டம்மா சொன்னது அதுக்கு எப்படித் தெரியும்? நான் டீ குடிக்கப் போன நேரத்துல இவ ஒட்டுக்கா எல்லாத்தையும் கொட்டியிருக்கறா. பொம்பளைங்க ரெண்டு பேர் சேந்தா அப்படித்தான்.

புதுசு மாட்டுனாங்க. லைட்டு அணைஞ்சுது. மைலேஜும் வந்துச்சு, அதை நான் மறைக்கல. வீட்டுக்கு வந்து பானட்டைத் தூக்கிப் பாத்தேன். இவங்க கை வெச்சதுல என்ற பூச்சு ஒரு எடத்துல பேந்திருக்குது. விடுவனா? வழிச்செடுத்துப் புதுசாப் பூசுனேன். மூணு மாசத்துல மறுபடியும் மஞ்ச லைட்டு. மறுபடியும் மூக்கு. ஆடத் தெரியாதவ கூடம் கோணைன்னாளாம், அந்தக் கதைதான். ஒழுங்கா மாட்டத் தெரியல, மூக்குங்கறா.

இது மூணாவது. இந்தத் தடவை நான் சும்மா போகலைங்க. ரெண்டு பக்கம் மனு எழுதி ஓனர் கனகராஜ் கையில குடுத்தேன். 'மேற்படி பெண் மெக்கானிக்கின் கவனக்குறைவால்' அப்படின்னு ஆரம்பிச்சு. என்ற கையெழுத்து முத்து முத்தா இருக்கும். அவரு பயந்துட்டாரு. பயப்படாம? காரு கம்பெனிக்கும் ஒரு காப்பி போகுதுன்னு கீழ எழுதிட்டனே. "சனிக்கெழமை வாங்கண்ணா, உங்க முன்னாலயே கழட்டிப் பாத்துரலாம். அவ மேல தப்புன்னா அன்னிக்கே அனுப்பிடறேன்"னாரு. அந்தச் சனிக்கெழமைதானுங்க இன்னிக்கு.

நேத்துப் பொழுதோட நான் முன்யோசனையா ஒரு காரியம் பண்ணுனேன். பேஸ்ட்டை எல்லாம் சுத்தமாச் சொரண்டி எடுத்துட்டு, மண்ணெண்ணெய் போட்டு டேப்பட் கவரைப் பளபளன்னு தொடச்சு வெச்சேன். பேஸ்ட்டுல ஒண்ணும் தப்பில்லைங்க. ஆனா இவங்க எதையாச்சும் சாக்கு சொல்லலாம்னுதானே பாப்பாங்க? நாம எதுக்கு எடம் குடுக்கோணும்? காலியான டியூப்பு ஏழெட்டு பொடக்காலித் திட்டுல கெடந்துச்சு. காத்தால கெளம்பறப்ப மரகதத்துகிட்டச் சொன்னேன், "இதையெல்லாம் அள்ளிப் போற வழியில குப்பைத்தொட்டியில போட்டுடு"ன்னு. மஞ்சப்பையில போட்டுக்கிட்டா. போடவே இல்ல. மறந்துட்டா. அவளுக்கு எல்லாமே மறதி.

ஒர்க்‌ஷாப்புல பெஞ்சுல உக்காந்தோம். எங்களைப் பாத்த ஒடனே அந்த நிரோஷா மரகதத்துக்குன்னு பேனுக்கு அடியில ஒரு சேரைக் கொண்டாந்து போடுது, தண்ணி குடுக்குது. காக்கா புடிக்கறது. ஓனரு, சூப்பர்வைசரு, நானு, எல்லாரும் சுத்தி நின்னோம். அந்தப் புள்ள சென்சாரைக் கழட்டுச்சு. நுனி பாத்தா வெள்ளையா, திருநீறு பூசுன மாதிரி.

"கரியடைச்சா கருப்பா இருக்கும். எண்ணெய் எரிஞ்சிருந்தா வேற மாதிரி இருக்கும். வெள்ளையா இப்படிப் படிஞ்சா அது சிலிக்கானுங்க. மூணு தடவையும் இதேதான். காருக்குன்னு தனிப் பேஸ்ட்டு இருக்குது. யாரோ சாதாப் பேஸ்ட்டை எஞ்சின்ல பூசியிருக்கறாங்க. அது ஆவியாகி எஞ்சினுக்குள்ள போயி, எரிஞ்சு, வந்து மூக்கை அடைச்சுப்போடுது. இந்த ஒர்க்‌ஷாப்புல அந்தப் பேஸ்ட்டே கெடையாதுங்க சார்"ங்குது. அப்பறம் குனிஞ்சு டேப்பட் கவரை மோந்து பாத்துச்சு. "மண்ணெண்ணெய் வாசம் வருது. இதை நேத்துத்தான் தொடச்சிருக்கறாங்க"ன்னு சொல்லுது.

"வண்டியச் சுத்தமா வெச்சிருக்கறதும் குத்தமா?"ன்னு கேட்டேன். சூப்பர்வைசரு சிரிச்சுட்டாரு.

ஓனரு எங்கிட்ட நேராக் கேட்டாரு. "அண்ணா, நீங்க வீட்டுல எஞ்சின்ல ஏதாச்சும் பேஸ்ட்டு பூசுனீங்களா?" "நானா? பானட்டைத் தொறக்கறது எப்படின்னே எனக்குத் தெரியாது"ன்னேன். ஏனுங்க அப்படிப் பாக்கறீங்க? முப்பத்தொரு வருச அனுபவத்தை இவன்கிட்ட வந்து நிரூபிக்கோணுமா நானு?

அவரு விடல. இவ பக்கம் திரும்பி, "அம்மா, நீங்க சொல்லுங்க. வீட்டுல யாராச்சும் எஞ்சின்ல கை வெச்சாங்களா?"ன்னாரு. இவ பைய மடியில வெச்சுட்டு உக்காந்திருக்கறா. அந்தப் பையிதானுங்க, அதே டியூப்புங்க உள்ள கெடக்குது. எனக்கே அப்பத்தான் ஞாபகம் வந்துச்சு. இவ வாயத் தொறந்தா. நான் முந்திட்டேன். "அவகிட்ட என்னத்தைக் கேக்கறீங்க, அவளுக்கு ஒண்ணும் தெரியாது. காருல எது முன்னாடி எது பின்னாடின்னே தெரியாது"ன்னு. தொறந்த வாய மூடிக்கிட்டா. அதான் சம்சாரம்ங்கறது. முப்பத்தஞ்சு வருசமாச்சு, நாலு பேர் முன்னால என்ற பேச்சை ஒரு தடவை மறுத்ததில்ல.

ஓனரு என்ன பண்ணுவாரு? மனு கையில இருக்குது. "ஆறு மணிக்கு டூல் பாக்ஸை ஒப்படைச்சுட்டுப் போயிரும்மா"ன்னு சொல்லிட்டாரு. ஒம்பது வருசமா அங்க இருக்குதாமா. வண்டி கழுவ வந்து, தானா வேலை கத்துக்கிட்டு மெக்கானிக்கு ஆனதாமா. புருசன் விட்டுட்டுப் போயிட்டானாமா, பத்தாவது படிக்கற பொண்ணு ஒண்ணு இருக்குதாமா. சூப்பர்வைசரு எங்கிட்ட வந்து காதுல ஓதறாரு. குடும்பம் எல்லாருக்குந்தான் இருக்குது. அதைப் பாத்தா நாட்டுல எவனையும் ஒரு வார்த்தை கேக்க முடியாதுல்லோ?

அந்தப் புள்ள அழுகும்னு பாத்தேன். அழுகல. கைய வேஸ்ட்டுத் துணியில தொடச்சுட்டு, "திங்கக்கெழமை புது சென்சார் வந்துரும், அதை யாரு மாட்டுனாலும் செரி, இந்தப் பேஸ்ட்டை நிறுத்தலைன்னா மறுபடி போயிரும்"னு சொல்லிச்சு. போற போக்குலயும் திமிரு அடங்கல பாத்தீங்களா.

கெளம்பறப்ப இவ ஒரு கூத்துப் பண்ணுனா. அந்தப் புள்ளகிட்டப் போயி, "நீ எத்தனை மணி வரைக்கும் இங்க இருப்ப கண்ணு?"ங்கறா. "ஆறு மணி வரைக்கும் இருப்பனுங்கம்மா"ங்குது அது. வேலை போன மனுசிகிட்டப் போயி மணியக் கேக்கறா. பொழைக்கத் தெரியாத ஜென்மம். வாசல்ல வந்து, "குப்பைத்தொட்டி அங்க இருக்குது, அதைப் போட்டுட்டு வா"ன்னு சொன்னேன். "சிங்காநல்லூருல போட்டுக்கறேன்"னா. அதுதான் இன்னிக்கு அவ பேசுன கடைசிப் பேச்சு. பஸ்ஸுல ஏறி முன்னால போயி உக்காந்துட்டா. பேசாம இருந்தா எனக்கென்ன? அந்தப் புள்ள வாயாலயே சொல்லுச்சு, மூக்கு பேச்சை நிறுத்துனாலும் வண்டி நிக்காதுன்னு. குடும்பமும் அப்படித்தான் ஓடிட்டிருக்குது.

என்னங்க, சிங்காநல்லூரா இது? ரொம்ப நேரமா நிக்கறானே. இந்த டிரைவருங்க இப்படித்தான், ஒரு டீயக் குடிச்சுட்டுத்தான் எடுப்பானுங்க. நான் என்ன சொல்ல வந்தேன்? ஆமா, வாசரு. வாசரை நம்பக் கூடாதுங்க தம்பி. நீங்க வண்டி வெச்சிருக்கறீங்களா? டூவீலரா? அதுல ஒழுகுச்சுன்னா எங்கிட்டச் சொல்லுங்க, வீட்டுல இன்னும் பாதிப் பெட்டி இருக்குது. திங்கக்கெழமை காரு வந்த ஒடனே நான் மொதல்ல அந்த மூலையப் பாக்கோணும். மண்ணெண்ணெய் போட்டுத் தொடச்சதுல கண்டிப்பாக் கசிய ஆரம்பிச்சிருக்கும்.

எடுத்துட்டான். அப்பாடா.

ஏனுங்க? யாரு எறங்கிட்டாங்க?

அட, ஆமா, சீட்டுல வேற ஆளில்ல உக்காந்திருக்குது. எப்ப எறங்குனா? நீங்க பாத்தீங்களா? பாத்துட்டுச் சும்மாவா இருந்தீங்க? என்னைத் திரும்பிப் பாத்துட்டுத்தான் எறங்குனாளா? நான் பேசிட்டிருந்தனா, கவனிக்கல. டியூப்பைப் போட எறங்கியிருப்பா. கூறு இருக்குதா பாருங்க, ஒரு குப்பையப் போட பஸ்ஸை விட்டு எறங்குவாளா ஒருத்தி? அதான் சொன்னனே, அவளுக்கு ஒண்ணும் தெரியாது.

சித்தெ அந்த ஜன்னல விடுங்க, பாக்கறேன். குப்பைத்தொட்டி இந்தப் பக்கம்தானே இருக்குது. அங்க காணோமே. அதோ, அதோ பச்சைச் சேலை. ரோட்டைத் தாண்டி எதுத்த ஸ்டாப்புல போயில்ல நிக்கறா. பை அப்படியே கையில இருக்குது. கைய நீட்டி நிறுத்தறா பாருங்க. அது காந்திபுரம் போற பஸ்ஸுங்க தம்பி. சுங்கம் வழியாத்தான் போகும். ஏறிட்டா.

மணி என்னங்க இப்ப?

நாலே காலா.